பழைய காருக்குப் புகைச் சான்றிதழ்: வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கண்டவை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை நீங்க 2025 பெப்ரவரி ஆனது. இடைப்பட்ட ஐந்து வருடங்களும் நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த வண்டிகளையே ஒருவர் விற்க மற்றவர் வாங்கி, திருத்தித் திருத்தி ஓட்டினோம். தடை நீங்கிய பிறகும் வரியைக் கூட்டிப் பார்த்தால் புதிய வண்டி பெரும்பாலானோருக்கு எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது. ஆகவேதான் 1980களில் வந்த நிசான் சன்னியும் டொயோட்டா கொரோலாவும் மிட்சுபிஷி லான்சரும், ‘டொல்பின்’ என்று நாம் பெயர் வைத்து அழைக்கும் ஹயேஸ் வான்களும் காலி வீதியிலும் ஜம்பட்டா வீதியிலும் இன்றைக்கும் ஓடுகின்றன.

இந்த வண்டிகளுக்கு வருடத்தில் ஒரு நாள் பரீட்சை. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. அது இல்லாமல் வண்டியை வீதியில் இறக்கினால் பொலிஸ் தண்டம் ஒரு பக்கம். விபத்து ஏதும் நடந்தால் காப்புறுதி நிறுவனம் கேட்கப்போகும் கேள்விகள் இன்னொரு பக்கம். வானை வாடகைக்கு ஓட்டி வீடு நடத்தும் குடும்பத்துக்கு, பரிசோதனையில் தோற்பது என்றால் அந்தக் கிழமை வருமானம் இல்லை என்று அர்த்தம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கராஜ்களில் சில நாட்கள் நின்று நான் பார்த்த வரையில், தோற்றுத் திரும்பும் பழைய வண்டிகளில் கணிசமானவை பெரிய செலவு இல்லாமல் சரிசெய்யக் கூடியவை. ஆனால் எதைச் சரிசெய்வது என்று தெரியாமல் பிளக், காபரேட்டர், சைலென்சர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் காசைக் கரைக்கிறார்கள். கையில் கொடுக்கப்படும் தாளை வாசிக்கத் தெரிந்தால் அந்தக் காசு மிஞ்சும்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், வாகனப் புகைக்கும் எரிபொருளுக்கும் இறக்குமதியாகும் வாகனங்களுக்குமான தரங்கள் 2003இல் ஒழுங்குவிதிகளாக வந்தன. அதற்கு முதல் வருடம், 2002 ஜூனில், ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008இல் இரண்டு ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி நின்றது. அதே 2008இல் மேல் மாகாணத்தில் புகைப் பரிசோதனை ஆரம்பித்து, பிறகு படிப்படியாக ஏனைய மாகாணங்களுக்கும் போனது. பரிசோதனை செய்யும் வேலை கிளீன்கோ லங்கா, லாஃப்ஸ் இக்கோ ஸ்ரீ என்ற இரண்டு தனியார் நிறுவனங்களிடம் கொடுக்கப்பட்டது; மேற்பார்வை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தினுடையது.

2008 என்ற வருடத்தை வாசிக்கும்போது நம்மில் பலருக்குப் புகை என்றால் நினைவுக்கு வருவது வேறு. கொழும்பில் சைலென்சருக்குள் குழாய் விட்டு அளக்கத் தொடங்கிய அந்த நாட்களில் வன்னியில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கும் இந்தப் பரிசோதனைக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

பெற்றோல் காரில் என்ன அளக்கிறார்கள்? சைலென்சர் வாய்க்குள் ஒரு மெல்லிய உலோகக் குழாயை விடுகிறார்கள். என்ஜின் சும்மா நிற்கும்போது ஒரு தடவை, ஏறத்தாழ 2,500 சுற்று வேகத்தில் ஒரு தடவை அளவு எடுக்கப்படும். தாளில் முக்கியமாக இரண்டு எண்கள். ஒன்று காபனோரொக்சைட்டு, சி.ஓ. என்று போட்டு சதவீதத்தில் வரும். மற்றது ஐதரோகாபன்; எச்.சி. என்று போட்டு பி.பி.எம். அளவில், அதாவது பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று வரும்.

அடுப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு வாய் நிறைய விறகைத் திணித்துவிட்டால் காற்றுப் போக வழியில்லை. எரியும், ஆனால் அரைகுறையாக எரியும். அதுதான் காபனோரொக்சைட்டு. பச்சை விறகை வைத்தால் பற்றவே பற்றாது. எரியாத ஆவியும் புகையும் கண்ணைக் கரிக்கும். அது ஐதரோகாபன். முதல் எண் கூடினால் பெற்றோல் அதிகம், காற்றுக் குறைவு. இரண்டாவது கூடினால் சிலிண்டருக்குள் போனது ஒழுங்காகப் பற்றவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு கராஜுக்குப் போனாலே பாதி வேலை முடிந்தது.

சி.ஓ. மட்டும் கூடினால் பார்க்கவேண்டியவை: எயார் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, சோக் முழுமையாகத் திறக்கிறதா, காபரேட்டரின் மிதவை மட்டம் சரியா, ஜெட் தேய்ந்து பெரிதாகிவிட்டதா. இவற்றில் ஃபில்டரை நீங்களே கழற்றி வெயிலில் பிடித்துப் பார்க்கலாம். ஒளி தெரியாவிட்டால் மாற்றுங்கள். சும்மா நிற்கும்போது மட்டும் கூடி, 2,500 சுற்றில் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஐட்லிங் திருகாணியைச் சரிபார்த்தால் போதும். இரண்டிலும் கூடினால் அந்தத் திருகாணியை எவ்வளவு திருகியும் பிரயோசனம் இல்லை. அது ஐட்லிங் கலவையை மட்டுமே ஆளுகிறது. பல பேர் ஏமாறும் இடம் இது.

எச்.சி. கூடினால் பற்றவைக்கும் பக்கம் போங்கள். பிளக், பிளக் வயர், டிஸ்ரிபியூட்டர் மூடி, பொயின்ட் இடைவெளி, டைமிங். நான்கு சிலிண்டரில் ஒன்று விட்டுவிட்டுப் பற்றினாலே இந்த எண் மேலே பாய்ந்துவிடும். அதெல்லாம் சரியென்றால் வால்வும் ரிங்கும். மொரிஸ் மைனர் மாதிரிப் பழைய ஆங்கிலக் கார் வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அந்த என்ஜின்களில் வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்துக்கொண்டிருந்தது பெற்றோலில் இருந்த ஈயம். ஈயம் நின்ற பிறகு, கடினமான இருக்கை வளையம் போடாத ஹெட்களில் வால்வு மெல்ல மெல்ல உள்ளே தேய்ந்துகொண்டு போகும். வால்வு இடைவெளி அடிக்கடி குறைந்துபோகிறது என்றால் அதுதான் சங்கதி. ஹெட்டைக் கழற்றி வளையம் போட்டால் தீரும். திருகாணி வேலையால் தீராது.

சி.ஓ.வைக் குறைக்கப் பெற்றோலை அளவுக்கு மீறி மெலிதாக்கிவிட்டால், கலவை பற்றாமல் எச்.சி. கூடிவிடும். ஒரு பக்கம் அமர்த்த மற்றப் பக்கம் எழும்பும். ‘டெஸ்ட்டுக்கு முதல் கொஞ்சம் குறைச்சு விட்டுத் தாறன்’ என்று சொல்பவரிடம் போய்த் தோற்று வந்தவர்களின் தாள்களைப் பார்த்தால் இந்த வித்தியாசம் அப்படியே தெரியும்.

வெள்ளவத்தைக்கு வருவோம். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். அப்பா அம்மா ஹம்டன் ஒழுங்கையிலோ ராமகிருஷ்ண வீதியிலோ ஒரு தொடர்மாடியில். கீழே தரிப்பிடத்தில் ஒரு கார். கோயிலுக்கும் டொக்டரிடமும் சந்தைக்கும் என்று கிழமைக்கு இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் ஒன்றிரண்டு கிலோமீற்றர். என் மாமா ஒருவரின் நிசான் சன்னி அப்படிப்பட்டது. இந்த வருடம் அது எச்.சி.யில் தோற்றபோது அவருக்கு நம்பவே முடியவில்லை. ‘நான் ஓட்டுறதே இல்லையே, எப்படிப் பழுதாகும்?’ என்றார். ஓட்டாததுதான் பழுது. கார் சூடேறுவதற்கு முன்பே பயணம் முடிந்துவிடுகிறது. பிளக் நுனியில் கரி படிகிறது. எரியாத பெற்றோல் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்குகிறது. சைலென்சருக்குள் நீராவி தண்ணீராகி நின்று துருப்பிடிக்க வைக்கிறது. தாங்கியில் கிடக்கும் பெற்றோலும் மாதக் கணக்கில் வீரியம் இழந்துபோகிறது.

மாமாவின் காருக்குச் செய்தது இவ்வளவுதான்: ஒயிலும் ஒயில் ஃபில்டரும் மாற்றினோம். நான்கு பிளக்கும் புதிதாகப் போட்டோம். பொயின்ட்டைத் துப்புரவாக்கி இடைவெளி வைத்தோம். பழைய பெற்றோலை ஓடி முடித்துப் புதிதாக அடித்தோம். பிறகு பாணந்துறை வரை போய்த் திரும்பினோம். திரும்பி வந்த சூட்டோடு பரிசோதனைக்குக் கொண்டுபோனோம், தேறியது. காபரேட்டரைத் தொடவில்லை. அதற்கு முதல் ஒருவர் காபரேட்டரையே மாற்றவேண்டும் என்று மாமாவிடம் சொல்லியிருந்தார்.

சைலென்சரில் ஓட்டை இருந்தால் பரிசோதனையே செய்யமாட்டார்கள், அல்லது அளவு பிழைக்கும். வெளிக்காற்று உள்ளே வந்து கலந்துவிடும். என்ஜின் உறுமும்போது கந்தல் துணியால் சைலென்சர் வாயைக் கையுறை போட்ட கையோடு ஒரு கணம் அடைத்துப் பாருங்கள். வேறெங்கோ ‘புஸ்’ என்று சத்தம் வந்தால் அங்கே ஓட்டை. இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் மூடிய கராஜுக்குள் என்ஜினை ஓடவிட்டு வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். காபனோரொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலையிடி என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆள் விழுந்துவிடும்.

மண்ணெண்ணெய்க் கதைக்கு வருகிறேன். கொட்டாஞ்சேனையில் நான் சந்தித்த ஒரு மெக்கானிக் ஐயா, 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே வெளியேறிய இரவில் கருவிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நடந்தவர். பிறகு வன்னி, பிறகு கொழும்பு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் வராமல் போனபோது, யாழ்ப்பாணத்தின் ஒஸ்ரின் ஏ40களையும் மொரிஸ் ஒக்ஸ்ஃபோர்ட்களையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த தலைமுறை அவருடையது. சின்னப் போத்தலில் இருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்வது, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. நினைவிருப்பவர்களுக்கு அந்த மணமும் நினைவிருக்கும்.

இது யாழ்ப்பாணத்தில்தான் முதலில் நடந்தது என்று நாம் பெருமையாகச் சொல்வதுண்டு. முழுக்கச் சரியல்ல. இங்கிலாந்தில் ஃபேர்கசன் ட்ராக்டர்களின் ஒரு வகை இதற்கென்றே செய்யப்பட்டு வந்தது. பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய் போன்ற மலிவு எரிபொருளுக்கு மாறும்; அதற்கென இரண்டு பிரிவுகள் கொண்ட தாங்கி. ஆனால் அதைத் தொழிற்சாலை செய்தது. நம்மவர்கள் அதைத் தடைப் பட்டியலுக்குள் இருந்துகொண்டு, உதிரிப்பாகம் இல்லாமல், கையிலிருந்ததை வைத்துச் செய்தார்கள்.

ஏன் பழைய ஆங்கிலக் கார்கள் இதற்குச் சரிவந்தன? அவற்றில் கலவையை அமுக்கும் விகிதம் குறைவு. மண்ணெண்ணெய் அதிக அமுக்கத்தைத் தாங்காது. நேரத்துக்கு முந்தி வெடித்து ‘டக் டக்’ என்று தட்டும். அடுத்தது சூடு. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. என்ஜின் நன்றாகச் சூடாக இருந்தால்தான் எரியும். சூடு குறைந்தால் எரியாமல் ஒரு பகுதி புகையாக வெளியே போகும், ஒரு பகுதி ரிங்கைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும். எரியாமல் வெளியே போன அந்தப் பகுதிக்குத்தான் இன்றைய தாளில் எச்.சி. என்று பெயர்.

‘தம்பி, அப்ப எரியாததை எரிய வைச்சம். இப்ப எரியாமப் போனதை அளக்கிறாங்கள். ரெண்டுக்கும் ஒரே அறிவுதான் வேணும்’ என்றார் ஐயா. அவர் மீற்றர் இல்லாமல் வேலை செய்பவர். சைலென்சர் வாயில் கையை வைத்து, புகையை முகர்ந்து, காதால் கேட்டுச் சொல்லிவிடுவார். கறுப்புப் புகை என்றால் பெற்றோல் கூட. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ஹெட் கஸ்கெட்டைத் தாண்டித் தண்ணீர் வருகிறது.

சூட்டைப் பற்றிய அவரது பிடிவாதம் எனக்கு மிகவும் பயன்பட்டது. நம் நாட்டு கராஜ்களில் ஒரு பழக்கம் உண்டு: என்ஜின் சூடாகிறது என்று போனால் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். ‘வெப்ப நாட்டுக்கு இது தேவையில்லை’ என்பார்கள். தேவை. அது இல்லாவிட்டால் என்ஜின் தனக்குரிய வெப்பநிலைக்கு வரவே வராமல் ஓடலாம். 1990களுக்குப் பிந்திய, கணினி எரிபொருளை அளந்து தெளிக்கும் கார் என்றால் இன்னும் மோசம். தண்ணீர் குளிராக இருக்கிறது என்று சென்சர் சொல்லிக்கொண்டிருக்கும். என்ஜின் இன்னும் குளிரில் நிற்கிறது என்று நினைத்து கணினி பெற்றோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சி.ஓ. ஏறும், பெற்றோல் செலவும் ஏறும். இப்படித் தோற்ற கார் ஒன்றுக்கு பஞ்சிகாவத்தையில் தேர்மோஸ்டாட் வாங்கிப் போட்டதும் தேறியதை நேரில் பார்த்தேன்.

அதே வயதுக் கார்களில் இன்னொரு காணாமல் போன பாகம், சைலென்சர் வழியில் இருக்கவேண்டிய கற்றலிற்றிக் கொன்வேட்டர். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகங்கள் அதில் பூசப்பட்டிருக்கும். அடைத்துவிட்டது என்று சொல்லி உடைத்து எடுத்துவிடுவார்கள். எடுத்தது யார் கைக்குப் போனது என்று கார்ச் சொந்தக்காரருக்குத் தெரியாது. ஜப்பானில் ஓடிய பழைய கார் வாங்கும்போது கீழே குனிந்து அது இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தாலும் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வரை சூடேறினால்தான் வேலை செய்யும். வரிசையில் அரை மணிநேரம் என்ஜினை நிறுத்திவைத்துவிட்டு நேரே குழாயை விட்டால், தேறவேண்டிய காரும் தோற்கலாம். உங்கள் முறை வருவதற்குச் சில நிமிடம் முன்பு ஸ்டார்ட் செய்து சற்று வேகம் கொடுத்து வையுங்கள்.

டீசல் வண்டிக்கு வேறு முறை. அங்கே வாயுவை அளப்பதில்லை; புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். கியர் இல்லாமல் அக்சிலேற்றரை ஒரேயடியாக அடிவரை மிதித்து விடுவது. அதைச் சில தடவை செய்வது. சில இடங்களில் ஊழியரே ஏறி அமர்வார், சில இடங்களில் உங்களையே மிதிக்கச் சொல்வார். ‘ரேஸ் கரன்ன’ என்றால் அதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய டீசல் என்ஜின் அதன் உச்ச வேகம் வரை திடீரென்று போகிறது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாத வானை அப்படி மிதிக்கவிடாதீர்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போய்விடும். ஒயில் மட்டம், பெல்ட், தண்ணீர் மூன்றையும் பார்த்துவிட்டுப் போங்கள். முதல் நாள் நன்றாகப் பாரம் இழுத்து, ஏற்றத்தில் ஓட்டி, சைலென்சருக்குள் படிந்த கரியை வெளியேற்றிவிடுவது நல்லது. அது ஏமாற்று அல்ல. ஊர்ந்து ஊர்ந்தே ஓடிய வண்டியில் பழைய கரியும் சேர்ந்து அளக்கப்படுகிறது.

டீசலில் கறுப்புப் புகைக்கு வழக்கமான காரணங்கள்: தேய்ந்த இன்ஜெக்டர் நுனி, அடைத்த எயார் ஃபில்டர், இழுவை கூடவேண்டும் என்று பம்ப்பில் கூட்டி வைத்த எரிபொருள். துறைமுகப் பக்கம் பாரம் இழுக்கும் வண்டிகளில் மூன்றாவது சாதாரணம். பரிசோதனைக்கு முதல் நாள் பம்ப்பைக் குறைப்பார்கள், சான்றிதழ் கையில் வந்ததும் கூட்டுவார்கள். வருடத்தில் 364 நாள் அந்தப் புகையை முகர்வது வண்டியின் சாரதிதான், அவர் பிள்ளைதான், கொச்சிக்கடையில் வீதியோரம் கடை போட்டிருப்பவர்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய முதலாம் வகுப்பில் சேர்த்தது.

டீசலுக்குள் மண்ணெண்ணெய் கலப்பதும் நெடுங்காலமாக நடந்தது. 2022 ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா. ஒரே நாளில் 340 ஆக்கினார்கள். கலப்படத்துக்கான ஆசை குறைந்தது உண்மை. ஆனால் அந்த அடியை முதலில் வாங்கியது வடக்கிலும் கிழக்கிலும் சிறு படகில் கடலுக்குப் போகும் மீனவர்கள்.

இந்தப் பரிசோதனை எதை அளக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நின்ற இடத்தில் செய்யும் சோதனை நைதரசன் ஒக்சைட்டுகளை அளப்பதில்லை. நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் நுண்துகள்களின் நிறையையும் அளப்பதில்லை. அந்த நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வருடாந்த எல்லை ஒரு கனமீற்றர் காற்றுக்கு 5 மைக்ரோகிராம். வருட இறுதியில் வடகீழ்ப் பருவக்காற்றோடு கண்டத்துப் பக்கமிருந்து மாசு வந்து சேரும் நாட்களில் கொழும்பு வானம் மங்கிப்போவதற்கு மாமாவின் சன்னியைக் குறைசொல்ல முடியாது. எனினும், பராமரிக்காத என்ஜினைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனை போதும் என்பது என் எண்ணம். தேறாத வண்டி எரிபொருளையும் வீணாக்குகிறது. 2022இல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு லீற்றரின் பெறுமதியைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு இதெல்லாம் சிறிய தொல்லையாகத் தெரியலாம். லண்டனில் 2023 ஓகஸ்ட் 29 முதல் எல்லாப் பகுதிகளிலும், தரத்துக்கு வராத கார் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். டெல்லியில் 10 வருடம் கடந்த டீசல் வண்டிக்கும் 15 வருடம் கடந்த பெற்றோல் வண்டிக்கும் நீதிமன்றத் தடையே வந்தது. அங்கே வயதைக் கேட்கிறார்கள். இங்கே புகையை மட்டும் கேட்கிறார்கள். பழைய வண்டியை விட்டால் வேறு வழியில்லாதவர்களுக்கு இரண்டாவது கேள்விதான் நியாயமானது.

பழைய கார் என்றால் பழைய இலக்கத் தகடும். சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துத் தகடுகள் 1957 ஜனவரியில் அறிமுகமாயின. வடக்கில் அந்த எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள். 1958இல் ‘ஸ்ரீ’ தகட்டுடன் அரச பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது போராட்டம் முற்றியது. ஏப்ரல் 9இல் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம். இன்று அதே தகட்டோடு இருக்கும் பழைய கார்களை வெள்ளவத்தைத் தமிழர்களும் ஆசையோடு துடைத்து வைத்திருக்கிறார்கள். பரிசோதனை நிலையத்தில் அந்தத் தகட்டைப் பார்த்ததும் இளம் ஊழியர்கள் கூடி நின்று படம் எடுத்துக்கொண்டதைக் கண்டேன்.

தகட்டைவிடச் சிக்கலானது பதிவுப் புத்தகம். பழைய வண்டிகளில் பல ‘ஓப்பன் பேப்பரில்’ கை மாறியவை: விற்றவர் ஒப்பமிட்ட படிவம் இருக்கும், பெயர் மாற்றியிருக்கமாட்டார்கள். போர்க்காலத்தில் இது உயிர்ப் பிரச்சினை. சோதனைச்சாவடியில் ஓட்டுபவரின் அடையாள அட்டையில் ஒரு பெயர், புத்தகத்தில் இன்னொரு பெயர் என்றால் அன்றைக்கு வீடு திரும்புவது நிச்சயமில்லை. இன்று அந்தப் பயம் இல்லை; ஆனால் பெயர் மாற்றாத வண்டி விபத்தில் மாட்டினால் பழைய சொந்தக்காரரையும் தேடிப் போவார்கள். புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால் வருமான அனுமதிப்பத்திரத்தை வேறொருவர் போயும் புதுப்பிக்கலாம் என்பதால், இப்படியே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

விரும்பி அப்படி வைத்திருப்பவர்கள் ஒரு வகை. கொட்டாஞ்சேனையில் நான் சந்தித்த ஒரு அக்காவின் ஹயேஸ் வான் வேறு வகை. புத்தகத்தில் அவரது கணவரின் பெயர். 2008இல் கொழும்பில் வைத்துக் கடத்தப்பட்டவர், இன்றுவரை தகவல் இல்லை. இப்போது வானை ஓட்டுவது அக்காவின் தம்பி. விற்கவோ பெயர் மாற்றவோ கணவரின் ஒப்பம் வேண்டும், அல்லது மரணச் சான்றிதழ் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கென 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தில், ஆள் இறந்தார் என்று சொல்லாமலே பெறக்கூடிய ஒரு சான்றிதழுக்கு வழி செய்தார்கள். சொத்துகளைத் தற்காலிகமாகப் பராமரிப்பதற்கு அது உதவும் என்று அக்காவுக்கும் சொல்லியிருக்கிறார்கள். அவர் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. ‘அதை வாங்கினா அவையள் கணக்கை முடிச்சிடுவினம்’ என்றார்.

வானுக்கு இந்த வருடம் புகை கூடுதலாக வந்தது. மெக்கானிக் ஐயா இன்ஜெக்டர் நான்கையும் கழற்றிச் சோதித்து இரண்டின் நுனியை மாற்றினார். டைமிங் பெல்ட்டையும் மாற்றச் சொன்னார். அக்கா சீட்டுக் காசில் மாற்றினார். இரண்டாம் முறை போனபோது தேறியது. பரிசோதனை நிலையத்தில் கேட்டது வண்டியின் இலக்கத்தை மட்டும்தான். அடுத்த நாள் கணவரின் பெயரில் இருக்கும் அந்த வண்டிக்கு இன்னொரு வருடத்துக்கான அனுமதிப்பத்திரத்தை எடுத்து, முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தம்பி ஹயருக்குப் புறப்பட்டுவிட்டார்.